ஹெட்விகா இடுப்பில் எது?

ரயில் கதவு மூடப்போவதாக மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பார்துபிட்சே நிலையத்தின் சுரங்கப் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி மேலே வந்தாள் ஹெட்விகா. பிர்னோ வண்டி எதிரே நின்றது. அவள் வலது மணிக்கட்டில் ஒரு தோல் வார். வாரின் மறுமுனையில் சாம்பல் நிறப் பெட்டி. பெட்டிக்குள் துர்னோவில் பட்டை தீட்டிய கார்னெட் கற்கள், மாதுளை முத்துபோலச் சிவப்பாக, வெல்வெட் மடிப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தன. இடது கை கோட்டின் ஓரத்தை இடுப்போடு சேர்த்து அழுத்தியிருந்தது. கோட்டுக்கு அடியில் அவளுடைய கைத்துப்பாக்கி.

வலது கை பெட்டிக்கு. இடது கை கோட்டுக்கு. கதவு பாதி மூடிவிட்டது. வண்டியின் கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும், அது அவளிடம் இல்லை.

கோட்டை விட்டாள். கைப்பிடியைப் பிடித்தாள்.

நடைமேடைக் காற்று அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்ததுபோல உள்ளே புகுந்தது. கோட்டு விசிறியாக விரிந்தது. உள்ளே வாசலருகில் குட்டைக்கால் நாய் ஒன்றைக் கையில் ஏந்தி நின்ற பெண்மணியின் கண், ஹெட்விகாவின் இடுப்பில் நிலைத்தது.

அந்தப் பெண்மணி கத்தவில்லை. டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்தப் பொண்ணுகிட்ட பெரிய துப்பாக்கி இருக்குங்க. எனக்கு ஒண்ணும் பயமில்ல. நாய்தான் நடுங்குது."

அடுத்த நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். லைசென்ஸைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இளையவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெச்சிக்கலாம் மேடம், வெளிய தெரியக்கூடாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"போன வருஷம் டிராம்ல ஒருத்தர் புகார் கொடுத்திருக்காரு. இது ரெண்டாவது. மூணாவது வந்துச்சுன்னா இந்த அட்டை உங்க பர்ஸ்ல இருக்காது, எங்க மேஜையில இருக்கும்."

நாய் ஹெட்விகாவைப் பார்த்து வாலாட்டியது.

மறுநாள் காலை அவள் பிர்னோ கடைக்குள் நுழையும்போதே முதலாளி ஸ்வதாவாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஸ்வதாவா கார்னெட் நகை வியாபாரம் செய்பவர். கழுத்தில் ஒரு கல்கூட அணிய மாட்டார். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார்.

"துப்பாக்கி இல்லாம உன்னை அனுப்பினா இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். துப்பாக்கி தெரிஞ்சா போலீஸ்காரன் ஒத்துக்க மாட்டான். நான் என்னம்மா பண்றது?"

"இனிமே தெரியாது மேடம்."

"டிராம் விஷயத்திலயும் இதையேதான் சொன்ன."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறும் வேலையைத் தவிர ஹெட்விகாவுக்கு வேறு எந்த வேலையும் ஒட்டியதில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு வாரம் நின்றிருக்கிறாள். வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் திருடர்களாகத் தெரிந்தார்கள்.

"வர்ற சனிக்கிழமை ஊர்ல என் வீட்ல பன்னி வெட்டு," என்றார் ஸ்வதாவா. "இருவது பேருக்குக் குறையாம வருவாங்க. லுபோர் மெலிஹாரும் வர்றாரு."

"யாரு அது?"

"ரிட்டயரான துப்பறியும் போலீஸ். கூட்டத்துல யார் இடுப்புல ஆயுதம் இருக்குன்னு சொல்றதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல. எப்படிக் கண்டுபிடிக்கிறாருன்னு என்கிட்டக்கூடச் சொன்னதில்ல. உன்னை அவருக்குத் தெரியாது. வந்தவங்கள்ல ஒருத்தர் துப்பாக்கியோட இருக்காங்க, யாருன்னு சாயங்காலம் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லுவேன். நாள் முழுக்க உன் இடுப்புல அது இருக்கணும். அவர் உன்னைக் காட்டினா, திங்கக்கிழமை பெட்டி வேற ஆள் கைக்குப் போகும். காட்டலைன்னா உன் கையிலயே இருக்கும்."

"அவர் போலீஸ்காரர் மேடம். திருடன் வேற மாதிரி பாப்பான்."

"அவர் கண்ணுக்குத் தப்பினது திருடன் கண்ணுக்கும் தப்பும். போ, ரோஸ்தா கடையில சின்னதா ஒண்ணு வாங்கு."

காய்கறிச் சந்தைக்குப் பின்தெருவில், தரைக்கு அடியில் இருந்தது ரோஸ்தாவின் துப்பாக்கிக் கடை. ரோஸ்தா அவளோடு பள்ளியில் படித்தவன். இப்போது நல்ல தொப்பை, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, மெலிஹார் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கினான்.

"அந்த ஆளா? ஐயோ ஹெட்வி, என்னையே புடிச்சிட்டாருடி."

"எப்போ?"

"என் மச்சான் கல்யாணத்துல. நல்ல கோட்டு சூட்டு. உள்ள சின்ன வால்தர் துப்பாக்கி. தையல்காரனுக்கே தெரிஞ்சிருக்காது. அந்த ஆள் எதிர் மேஜையில உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாரு. என் இடுப்புப் பக்கம் திரும்பவே இல்ல. எழுந்து போகும்போது என் தோள்ல தட்டி, 'பத்திரமா வெச்சிக்கோ தம்பி, உறை பொத்தானைப் போட்டுக்கோ'ன்னாரு."

"நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த அப்போ?"

"ஒண்ணுமே பண்ணல. வாத்துக்கறி தின்னுக்கிட்டு, கோஃபோலா சோடா குடிச்சிக்கிட்டு, ஓரமா உக்காந்திருந்தேன்."

"நடக்கும்போது ஒரு பக்கம் சாஞ்சியா?"

"நடக்கவே இல்லங்கறேன்."

"அடிக்கடி தொட்டுப் பாத்தியா?"

"ஒரு கையில கத்தி, இன்னொரு கையில முள்கரண்டி. எந்தக் கையால தொடுறது?"

ஹெட்விகா யோசித்தாள். நடக்காதவனை, தொடாதவனை, இடுப்பைப் பார்க்காமலே ஒரு மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்? அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார்போல அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது.

ரோஸ்தா பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தான்.

"பிளாஸ்டிக் பிடி போட்ட புது மாடல் எதுவும் வேணாமா?"

"இரும்பு பழகின கை."

"அப்போ இந்த மூணு பெருசுங்கதான். மூணுக்கும் நம்மளவிட வயசு அதிகம், நம்மளவிட நல்லா வேலை செய்யும்."

முதலாவது ஜெர்மன் வால்தர் பி.பி.கே. உள்ளங்கையில் வைத்தால் சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்று தோன்றும். தட்டையான உடம்பு, எடையும் குறைவு. இரண்டாவது ரஷ்ய மக்காரோவ். அதிகப் பாகங்கள் கிடையாது, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. மூன்றாவது நம்மூர்க்காரன், சி.இசட். எண்பத்து மூன்று. மூன்றிலும் இதுதான் தடியன். ஆனால் ரவைகளை இரண்டு வரிசையாக அடுக்கும் மேகசின், மற்ற இரண்டையும்விட அதிகம் தாங்கும்.

"முதல்ல சுடு, அப்புறம் பேசலாம்," என்றான் ரோஸ்தா.

கடைக்குப் பின்னால் நீளமான சுடுகூடம். காதை மூடிக்கொண்டு வால்தரை எடுத்தாள். முதல் இழுப்புக்கு விசை, கல்லில் கட்டிய கயிறுபோல வர மறுத்தது. வந்தபிறகு துப்பாக்கி பின்னால் உதைத்து, மேல்பாகம் அவள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலைக் கடித்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் கடித்தது.

"சின்னதுன்னு பாத்தா பல்லு இருக்கேடா இதுக்கு."

"உன் கை கொஞ்சம் சதைக் கை. மெலிஞ்ச கையைக் கடிக்காது."

"நீ மெலிஞ்ச கையைப் பத்திப் பேசாத."

மக்காரோவ் கடிக்கவில்லை. முரட்டுத்தனமாகத் தள்ளியது, ஆனால் நேர்மையாகத் தள்ளியது. அவள் குண்டுகள் எல்லாம் காகித உருவத்தின் நெஞ்சுக்குள் விழுந்தன. மேகசினை மாற்றும்போதுதான் சங்கடம். அதை விடுவிக்கும் கொக்கி கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருந்தது. ஒரு கை பிடித்துக்கொள்ள, இன்னொரு கை அடியில் போய்த் தோண்ட வேண்டும்.

எண்பத்து மூன்றைப் பிடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கை முழுக்க நிறைந்தது. விசை வழுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டைகள் எல்லாம் ஒரு காபிக் கோப்பை அகலத்துக்குள் அடங்கின.

"சுடுறதுக்கு இது ராஜா," என்றாள்.

"இடுப்புல வெச்சா?"

கடையைப் பூட்டிவிட்டு, மூன்றையும் காலி என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது சோதனையைத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து பெட்டி இறக்கினாள். முக்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். ஷூ கயிறு கட்டக் குனிந்தாள். ரோஸ்தா துணிக்கடைக்காரன் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

வால்தர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே மறந்துபோனது. மக்காரோவ் நிற்கும்போது ஒளிந்துகொண்டது, கை உயர்த்தினால் சட்டைக்கு அடியில் எலும்பு மாதிரி துருத்தியது. எண்பத்து மூன்று உட்கார்ந்தால் விலாவை இடித்தது, கோட்டு அந்த இடத்தில் லேசாகப் புடைத்தது.

"அப்போ வால்தர்தான்," என்றான் ரோஸ்தா. "கடிச்சா கடிச்சிட்டுப் போகட்டும். தெரியக்கூடாது, அவ்வளவுதானே உன் பிரச்சினை?"

ஹெட்விகா சட்டென்று நின்றாள். கடை மூலையில் இருந்த இரும்புக் கருவிப் பெட்டியை வலது கையால் தூக்கினாள்.

"ரயில்ல நான் இப்படித்தான் இருப்பேன். வலது கை எனக்குச் சொந்தமில்ல, பெட்டிக்குச் சொந்தம். இப்போ மூணையும் இடது கையில கொடு. சுடாம தடுக்கற பூட்டைத் திறந்து மூடிப் பாக்கறேன். கூட்டத்துல பூட்டாம நான் வெச்சிக்க மாட்டேன்."

வால்தரின் பூட்டு இடது பக்கத்தில் இருந்தது, வலது கைக்காரனின் கட்டை விரலுக்காக. இடது கையில் பிடித்தால் விரல் அதை எட்டவில்லை. மக்காரோவிலும் அதே பக்கம்தான், அதே தவிப்புதான். எண்பத்து மூன்றை எடுத்தாள். பூட்டு இரண்டு பக்கமும் இருந்தது. கட்டை விரல் தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது. மேகசின் பொத்தானும் இரண்டு பக்கம்.

ரோஸ்தா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினான்.

"உன் பழைய பெரிய துப்பாக்கியிலயும் பூட்டு இடது பக்கம்தானே? இத்தனை வருஷம் எப்படிடி?"

"யாரும் என்னைக் கொள்ளையடிக்க வரலை. அதனால தெரியலை."

அவள் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எண்பத்து மூணு," என்றாள் ஹெட்விகா.

"போலீஸ்ல விண்ணப்பம் போட்டியா?"

"காலையிலயே போட்டுட்டேன்."

"சனிக்கிழமை அந்த ஆள் புடிச்சிட்டா என்னைத் திட்டாத. நான் வால்தர்னுதான் சொன்னேன்." துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, மூடியில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதினான். "அந்த வால்தரையே புடிச்சவரு. அதை நினைச்சாதான் எனக்கு இன்னும் புரியலை."

அவளுக்கும் புரியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பனி உறைந்து கிடந்தது. ஸ்வதாவா காரை அனுப்பியிருந்தார். ஹெட்விகா இறங்கியபோது முற்றத்தில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பூண்டும் மார்ஜோரத் தழையும் இடிக்கும் வாசனை. ஆட்கள் கைகளை ஊதிக்கொண்டு நின்றார்கள். பஞ்சு வைத்த தடித்த சட்டைக்கு அடியில், இடது இடுப்பில், நாள் முழுக்கச் சுமக்கவேண்டிய அந்தப் பழகிய கனம்.

மெலிஹாரைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. விறகு அடுக்குக்கு அருகில், கம்பளித் தொப்பியோடு, பழைய தபால்காரர் மாதிரி ஒரு சின்ன மனிதர் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். அவள் நடந்து வந்ததை அவர் பார்க்கவில்லை. குனிந்து பூனையைத் தடவியபோதும் பார்க்கவில்லை. வந்த யாருடைய இடுப்பையும் அவர் பார்க்கவில்லை.

அப்படியென்றால் எதைப் பார்க்கிறார்?

கசாப்புக்காரர் போஹுஷ் தன் ஆயுதங்களைப் பலகையில் பரப்பிக்கொண்டிருந்தார். கத்திகளுக்கு நடுவில் பன்றியை மயக்கமாக்கும் ஆணித் துப்பாக்கியும் இருந்தது. ஸ்வதாவாவின் மாப்பிள்ளை கமில், வீங்கிய கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அதைச் சுட்டிக்காட்டினான்.

"மெலிஹார் மாமா, உங்க ஆளு இதோ. கையும் களவுமா நிக்கிறாரு."

"இவரை எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார் மெலிஹார். "இவர்கிட்ட பயப்பட வேண்டியவன் இன்னும் தொழுவத்துலதான் இருக்கான்."

சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்வதாவா வீட்டுக்குள்ளிருந்து தட்டோடு வந்தார். தட்டில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகள், சொந்த மரத்துப் பழத்தில் இறக்கிய ஸ்லிவோவிட்ஸ் பாட்டில். எங்கள் பக்கத்தில் இந்தச் சாராயம் தொண்டைக்குள் போகாமல் பன்றிமேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். வேண்டாம் என்பவனிடம் ஏன் என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு அடுத்த ஆண்டு பன்றி வெட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

தட்டு நகர்ந்தது. அதோடு மெலிஹாரின் கண்ணும் நகர்ந்தது.

ஹெட்விகா அதைப் பார்த்தாள். தட்டு போஹுஷிடம் போனது, கண்ணும் போனது. ஒருவன் வேண்டாம் என்று தலையசைத்துக் கார் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினான். மெலிஹாரின் கண் அவனை விட்டுவிட்டது. அடுத்தவள் கர்ப்பிணி. கண் அவளையும் விட்டுவிட்டது. கமில் கன்னத்தைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தான், குவளையை எடுக்கவில்லை. மெலிஹாரின் கண் அங்கே கொஞ்சம் நின்றது.

ரோஸ்தாவின் குரல் அவள் காதில் கேட்டது. வாத்துக்கறி தின்னுக்கிட்டு, கோஃபோலா குடிச்சிக்கிட்டு.

கல்யாணத்தில் கோஃபோலா.

இடுப்பில் ஆயுதம் இருந்தால் ஒரு சொட்டு குடிக்கக்கூடாது. லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது முதல் பாடம், குடித்துவிட்டு மாட்டிக்கொண்டால் அட்டை அன்றைக்கே போய்விடும். இந்த ஊரில் எல்லோரும் குடிக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் குடிக்கவில்லை என்றால் அவர் வண்டி ஓட்டவேண்டும், இல்லை வயிற்றில் குழந்தை இருக்கவேண்டும், இல்லை உடம்புக்கு ஏதாவது இருக்கவேண்டும். எதுவும் இல்லை என்றால்?

வால்தர், மக்காரோவ், எண்பத்து மூன்று. எதுவாக இருந்திருந்தாலும் ஒன்றுதான். அந்த மனிதர் துப்பாக்கியைத் தேடவே இல்லை, வேண்டாம் என்ற வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

தட்டு அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தது. அவளிடம் கார் சாவி கிடையாது. அவள் வந்து இறங்கியதே ஸ்வதாவா அனுப்பிய காரில், எல்லோரும் பார்த்தார்கள். குடித்தால் லைசென்ஸ் போகும். குடிக்காவிட்டால் பெட்டி போகும். குவளையை வாங்கிக் கீழே கொட்டலாம் என்றால் அந்தக் கண் மூக்குக்கு நேராக வந்து நிற்கும்.

ஒரு ஆள்.

ஹெட்விகா இரண்டு எட்டு முன்னால் வைத்துத் தட்டையே பிடுங்கிக்கொண்டாள்.

"கொடுங்க மேடம். வீட்டுக்காரங்க நீங்க, நீங்க ஏன் சுத்திக்கிட்டு? நான் ஊத்தறேன்."

ஸ்வதாவா கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். தட்டை விட்டார்.

ஊற்றுகிறவளுக்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு. எல்லோரும் அவள் கையிலிருக்கும் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள், அவள் குவளையை யாரும் பார்ப்பதில்லை. ஹெட்விகா ஒவ்வொருவராகப் போய் ஊற்றினாள். ஒவ்வொருவரும் அவள் கண்ணைப் பார்த்து, ஆரோக்கியம் என்று சொல்லிக் கவிழ்த்தார்கள். கடைசியாக மெலிஹாரிடம் வந்தாள்.

அவர் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"ஊத்தற கைக்கும் ஒண்ணு வேணுமேம்மா," என்றார். தட்டில் மிச்சமிருந்த குவளையை எடுத்து, பாட்டிலைத் தானே சாய்த்து, நிரப்பி அவளிடம் நீட்டினார். "எடு. என்னோட."

சின்னக் குவளை. விளிம்பில் ஒரு சொட்டு நடுங்கியது. ஹெட்விகா வாங்கிக்கொண்டாள். இனி உதட்டுக்கு உயர்த்தவேண்டும். அந்தக் கண்கள் அவளைவிட்டு நகரவில்லை. மெல்லிய, நீர் கோத்த, அன்பான கண்கள்.

தொழுவத்தில் டப்பென்று ஒரு சத்தம்.

"ரத்தம் கலக்க ஆள்," என்று போஹுஷ் குரல் கொடுத்தார். "சீக்கிரம் வாங்கப்பா, கட்டியாயிடும்."

இரத்தத்தைப் பிடித்ததும் நிறுத்தாமல் கலக்கவேண்டும். ஒரு நிமிடம் விட்டாலும் உறைந்துவிடும், பிறகு சூப்பும் இல்லை, இரத்தத் தொத்திறைச்சியும் இல்லை. அந்த வேலைக்கு யாரும் முந்திக்கொண்டு போவதில்லை. ஹெட்விகா போனாள். குவளையை மெலிஹாரின் இன்னொரு கையில் திணித்துவிட்டு, வழியில் தொங்கிய ரப்பர் ஏப்ரனை எடுத்துச் சட்டைக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாளிக்கு முன்னால் முழங்கால் போட்டாள். முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள்.

சூடான ஆவி முகத்தில் அடித்தது. ஏப்ரன் நாடா துப்பாக்கியின் பிடிக்கு மேலாக ஓடி அதை விலாவோடு கட்டிப்போட்டிருந்தது. அது துளி அசையவில்லை.

"பட்டணத்துப் பொண்ணுன்னு நினைச்சேன்," என்றார் போஹுஷ். "நல்லாக் கலக்கற."

"நிறுத்தச் சொல்லாதீங்க. நிறுத்தினா மயக்கம் போட்டுருவேன்."

மெலிஹார் இரண்டு கையிலும் இரண்டு குவளைகளோடு கொஞ்ச நேரம் நின்றார். இரத்தக் கையில் குவளை கொடுக்க யாருக்கும் மனம் வராது. அவள் குவளையையும் அவரே குடித்தார்.

அதற்குப் பிறகு ஹெட்விகா பாட்டிலை விடவில்லை. முடி சுரண்டும்போது ஊற்றினாள், குடல் கழுவும்போது ஊற்றினாள், ஈரல் வெந்ததும் ஊற்றினாள். ஏப்ரனைக் கழற்றவே இல்லை. மதியத்துக்குள் அவள் பெயர் யாருக்கும் நினைவில்லை, எல்லோரும் "பாட்டிலம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். கர்ப்பிணிப் பெண் மட்டும் ஒருமுறை காதோரம் கேட்டாள்: "நீங்க ஒண்ணும் எடுத்துக்கலையே?"

"நான் ஆரம்பிச்சா பாட்டில் உங்க வீட்டுக்காரருக்கு மிஞ்சாது."

அந்தப் பெண் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் எல்லோரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கருஞ்சிவப்பு சூப், பூண்டு, புளித்த மாவு ரொட்டி. ஸ்வதாவா கரண்டியால் தட்டில் தட்டினார்.

"லுபோர், பொழுது போச்சு. சொல்லுங்க. யாரு?"

மெலிஹார் எழுந்தார். கொஞ்சம் ஆடினார். காலையிலிருந்து பாட்டிலம்மா அவரை நன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். மேஜையை ஒரு சுற்று பார்த்தார். கண் ஹெட்விகாவைத் தொட்டது. நின்றது.

கண் நகர்ந்தது. விரல் நீண்டது.

"மாப்பிள்ளை."

கமில் வாயில் ரொட்டியோடு நிமிர்ந்தான். "நானா?"

"எந்திரிப்பா."

கமில் எழுந்து ஸ்வெட்டரை நெஞ்சு வரை தூக்கிக் காட்டினான். உள்ளே தொப்பையும் தொப்புளும்தான் இருந்தன. அவன் மனைவி சிரித்து மேஜையில் சாய்ந்தாள்.

"பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிடறேன் மாமா. அதனாலதான் குடிக்கலை. காலையிலயே சொன்னேனே, யாரும் கேக்கலை."

மெலிஹார் உட்கார்ந்தார். தோற்ற முகமாக இல்லை அது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் பாக்கி நிற்பவனின் முகம்.

"யாரு அப்போ?"

ஹெட்விகா கையை உயர்த்தினாள். விரலிடுக்கில் இன்னும் கொஞ்சம் இரத்தம் காய்ந்திருந்தது.

"நீங்க இடுப்பைப் பாக்கறதில்ல சார். குவளையைப் பாக்கறீங்க."

அவர் அவளையே பார்த்தார். காலையிலிருந்து நடந்தது ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்குள் திரும்ப ஓடுவது தெரிந்தது. தட்டு, பாட்டில், இரத்தவாளி, அவர் கையிலேயே திணித்த குவளை.

"உன் குவளையையும் என்னையே குடிக்க வெச்சிட்ட," என்றார் மெல்ல. "இனி என் பொழப்பு என்னாகறது?"

"கோஃபோலா குடிக்கறவங்களை விட்டுட்டு பாட்டில் பிடிக்கறவங்களைப் பாருங்க."

ஸ்வதாவா சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றினார், அது அவருக்குச் சிரிப்பைவிடப் பெரிய விஷயம்.

"திங்கக்கிழமை துர்னோவ் வண்டிக்குப் பெட்டி உன் கையில," என்றார். "இந்தச் சின்னது நல்ல சாமான்தான் போலிருக்கு. இவ்வளவு குனிஞ்சு நிமிர்ந்தும் ஒரு புடைப்பு தெரியலையே. ரோஸ்தா கடையில எதை எடுத்த? காட்டு பாக்கலாம்."

"எண்பத்து மூணு எடுத்தேன் மேடம்."

"காட்டும்மா."

ஹெட்விகா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். பஞ்சுச் சட்டையின் ஓரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் விலக்கினாள்.

மெலிஹார் மேஜைமேல் எக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஸ்வதாவாவைப் பார்த்தார். ஸ்வதாவா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

பார்துபிட்சேயில் அந்த நாயை நடுங்கவைத்த அதே பழைய பெரிய துப்பாக்கி.

"சின்னது ரோஸ்தாவோட பெட்டகத்துலயேதான் இருக்கு மேடம்," என்றாள் ஹெட்விகா. "அதை வாங்கறதுக்குப் போலீஸ் அனுமதி இன்னும் வரலை."